மண்டையில் அடி, தொடையில் எலும்பு

எக்ஸ்ரே ரூமுக்கு யாரும் முகம் காட்ட வருவதில்லை; கையையோ காலையோ நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்களும் ராத்திரி டியூட்டி பார்க்கிறவர் என்றால் இந்தப் பிழைப்பு தெரியும். தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிலிம் கழுவ வந்து, பார்த்துப் பார்த்தே படம் எடுக்கக் கற்றவன் நான். இருபது வருடத்தில் செல்வத்தின் தொடை எலும்பு மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

தேதி தப்பிய படம்

சின்னமனூர் செல்வமும் ராயப்பன்பட்டி இன்னாசியும் ஒரே பைக்கில் போய்த் திராட்சை வேனில் மோதியவர்கள். இருவருக்கும் தொடை முறிந்து, கம்பி வைத்தாயிற்று. செல்வத்துக்கு மண்டையிலும் பலத்த அடி. பல நாள் நினைவில்லாமல் கிடந்து கண் விழித்தவனுக்கு, மனைவி முத்துலட்சுமியை அடையாளம் தெரியவில்லை.

ஆறாவது வாரம், ஷிப்ட் தொடங்கியதும் இருவருக்கும் படம் எடுத்தேன். இன்னாசியின் முறிவில் புது எலும்பு லேசாகப் புகை படிந்த மாதிரி. செல்வத்துக்கோ கொய்யாக்காய் கணக்காகத் திரண்டிருந்தது. டாக்டர் என்னை முறைத்தார்.

"தேதியை மாத்திப் போட்டியாய்யா? இது மூணு மாசத்து எலும்பு!"

இன்னாசியின் சந்தேகம்

மறுபடி எடுத்தேன். அதே கொய்யாக்காய். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மண்டையில் அடிபட்ட சிலருக்கு எலும்பு சீக்கிரமாகவும் தடியாகவும் கூடும், ஏன் என்பது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை என்றார். எனக்குப் பகல் தூக்கமும் போயிற்று. போனில் தேடித் தேடிப் படித்தேன். பெண்டாட்டியை மறந்த மூளை, தொடைக்கு மட்டும் எப்படிச் சேதி அனுப்பியது? வாக்கரைப் பிடித்து நின்ற இன்னாசியிடம் இதையெல்லாம் விளக்கினேன்.

"அப்ப எனக்கும் மண்டையில ஒரு போடு போடச் சொல்றீகளாண்ணே?"

கதவருகில் நின்றவள்

மூன்றாம் மாதம் செல்வம் குச்சி ஊன்றி நடந்தே வந்தான். வேண்டாத இடத்திலும் எலும்பு வளர்ந்து இடுப்பு சரியாக மடங்கவில்லை. ஆனால் முறிவு கூடிவிட்டது. படம் எடுத்து முடித்ததும் கதவுப்பக்கம் கைகாட்டிக் கேட்டான்: "அங்கன நிக்கிற அக்கா தெனமும் எனக்குச் சோறு ஊட்டுது. யாருண்ணே அது?"

முத்துலட்சுமிக்குக் கேட்டுவிட்டது. நான் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவள் உள்ளே வந்து, குனிந்து, அவன் காலில் செருப்பை மாட்டிவிட்டாள்.

"காலு கூடிருச்சுல்லண்ணே, மொதல்ல வீட்டுக்கு நடந்து வரட்டும். நான் யாருன்னு அங்கன வச்சுச் சொல்லிக்கிறேன்."

எலும்பு கூடியதா என்று கேட்டால் படத்தைத் தூக்கிக் காட்டிவிடுவேன். மற்றது கூடியதா என்று கேட்டால், டியூட்டி முடிந்துவிட்டது என்று கிளம்பிவிடுவேன்.