தெரிஞ்சவங்க நாள்

“இது இருபத்திநாலரை,” என்றாள் அம்மா. மூட்டையைச் செருப்புக் காலால் ஒரு தட்டு தட்டியிருந்தாள், அவ்வளவுதான். நான் தூக்கித் தராசில் வைத்தேன். இருபத்திநாலு கிலோ அறுநூறு கிராம். “மணல் காஞ்சு மெலிஞ்சுபோச்சு. ஒரு கை அள்ளிப் போடு.” போட்டேன். கோணி ஊசியால் வாயைத் தைத்துவிட்டு அடுத்த மூட்டையிடம் போனாள்.

பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்சத ராட்டினத்தை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவள் அம்மா. செவ்வாய்க்கிழமைகளில், பூங்கா திறப்பதற்கு முன், இருபது பெட்டிகளிலும் பெட்டிக்கு இரண்டு மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்ப்பாள். மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. எடை குறைந்தால் சோதனைக்கு அர்த்தமில்லை என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாற்பதையும் நிறுத்துப் பார்ப்போம். நான் லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளன். தராசு என்னுடையது. அன்று நிறுத்ததுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. அதற்கு மூன்றாவது வாரம், வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. ஐம்பத்தொன்பது வயது.

ராட்டினத்தில் ஆட்களை வரிசைப்படி ஏற்றக் கூடாது. ஒரு பக்கம் கனத்தால் மோட்டார் திணறும். ஒன்றாம் பெட்டியில் ஏற்றினால் அடுத்து எதிரே இருக்கும் பதினொன்று, நாலுக்குப் பதினாலு. வரிசையில் நிற்பவர்களை ஒரு பார்வை பார்த்து, யார் எத்தனை கிலோ என்று மனதுக்குள் போட்டு, விசிலை ஊதிக் கை காட்டுவாள். இரண்டு கிலோவுக்கு மேல் தவறியதில்லை. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. கடையில் வாங்கிய சாமானை இரண்டு கைக்கும் சமமாகப் பிரிக்காமல் நடக்க மாட்டாள். பேருந்தில் எல்லோரும் சன்னல் வெயிலுக்குப் பயந்து ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தால், எழுந்து போய் வெயில் பக்கம் தனியாக உட்காருவாள். “யாராச்சும் உக்காரணும்ல” என்பாள்.

ஆட்களுக்கு அவள் வைக்கும் பெயரும் எடைதான். மேனேஜர், அவர் இல்லாத இடத்தில், தொண்ணூறு. பக்கத்து வீட்டுப் பெண்மணி எழுபத்தாறு. இது தெரிந்ததும் அந்தப் பெண்மணி ஒரு மாதம் பேசாமல் இருந்தார். “அப்புறம் எளச்சிட்டேன்னு சொல்ல அவங்களே வந்தாங்க. எழுபத்தஞ்சேகால்” என்றாள் அம்மா.

அப்பா நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே போய்விட்டார். ஆகவே சொல்ல வேண்டியது ஒரே ஆளிடம். எனக்கு ஒரு துணை இருக்கிறது, அது ஆண் என்று அம்மாவிடம் நான் சொல்லி ஏறத்தாழ ஐந்து வருடம் ஆகிறது. நாலு நாள் அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சோறு போட்டாள், என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், விசிலைத் துடைத்தாள். ஐந்தாம் நாள் காலை கேட்டாள்:

“எத்தன கிலோ இருப்பான்?”

“அம்பத்தெட்டு.”

“அம்பத்தெட்டா! சாப்பிட மாட்டானா?”

அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டில் அம்பத்தெட்டு. பிறகு அறுபத்தேழு ஆனான். பெயர் மாறவில்லை.

அடுத்த மாதம் அவனைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ராட்டின மேடையில் ஒரு விதி உண்டு. குடும்பங்களும் ஆண் பெண் ஜோடிகளும் தனிப் பெட்டியில் ஏறலாம். இரண்டு ஆண்கள் மட்டும் ஏறக் கூடாது. ரகளை வரும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். அந்த விதியைப் பதினோரு வருடமாகக் கறாராகப் பார்த்துக்கொண்டவள் அம்மாதான். நாங்கள் வரிசையின் முன்னால் வந்தபோது மேற்பார்வையாளர் மேடையில் நின்றிருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“எடை சரிவரல. நீ நாலு. தம்பி, நீங்க பதினாலு.”

ஏறினோம். முன்பின் தெரியாத மூன்று பேர் என்னோடு, மூன்று பேர் அவனோடு. நான் மேலே போகும்போது அவன் கீழே. அவன் மேலே வரும்போது நான் கீழே. ஏழு சுற்று. இறங்கியதும் அவன் சிரித்துக்கொண்டு “அம்மா வேலைல ரொம்ப ஸ்ட்ரிக்ட்” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, டீ வடிகட்டிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள்: “நேத்து எடை சரியாத்தான்டா இருந்துச்சு.”

நான் டம்ளர்களை எடுத்து வைத்தேன்.

“பயந்துட்டேன். இருபது பெட்டி ஓட்டுறவ, பெத்த புள்ளைய ஒரு பெட்டில ஏத்தப் பயந்துட்டேன்.” வடிகட்டியைக் கழுவி மாட்டினாள். “சரி பண்ணிடலாம்.”

எங்கள் இருவருக்காக மட்டும் சரி பண்ணுவாள் என்று நினைத்தேன். அம்மா மொத்தக் கணக்கில்தான் யோசிப்பாள். அலுவலகத்துக்குப் போய், குழுவாக முன்பதிவு செய்யும் படிவம் ஒன்றை வாங்கி வந்தாள். குழு என்றால் குறைந்தது நூற்றைம்பது பேர். எங்களைப் போன்றவர்களில் அவளுக்குத் தெரிந்தது எங்கள் இரண்டு பேரை மட்டும். ‘அமைப்பின் பெயர்’ என்ற கட்டத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு எழுதினாள்: தெரிஞ்சவங்க.

ஆள் தேட அவள் கண்டுபிடித்த வழி புருவம். தெருமுனையில் அழகு நிலையம் வைத்திருக்கும் பார்லர் அக்கா ஒரு திருநங்கை. அம்மா வாழ்நாளில் புருவம் திருத்தியவள் இல்லை. பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணீர் வழிய வழிய விஷயத்தைச் சொன்னாள். “எங்க ஆளுங்க ராட்டினம்னா வருவாங்கம்மா. கேட்லதான் பயம்” என்றாராம் பார்லர் அக்கா. வீட்டுக்கு வந்து அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். “புருவம் போச்சு. ஆனா நாப்பது பேரு தேறிட்டாங்க.” அந்த நாற்பது பேர் தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொன்னார்கள். இரண்டு மாதம் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. பேசியவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது ஒன்றுதான்: “பேரு சொல்லணுமா?” அம்மா சொன்னதும் ஒன்றுதான்: “வேணாம். வந்தாப் போதும்.”

மேனேஜர் அவளை அழைத்துக் கேட்டபோது நான் வாசலில் நின்றிருந்தேன்.

“என்னம்மா இது? என்ன கூட்டம்?”

“தெரிஞ்சவங்க சார்.”

“யாருக்குத் தெரிஞ்சவங்க?”

“எனக்கு.”

“ஏதாவது குழப்பம் வந்தா?”

“சனிக்கிழம குடிச்சிட்டு வர்றவங்க பண்றதவிடவா சார்?”

அவர் கெட்டவர் இல்லை. தன் மேலிடத்துக்குப் பயந்தவர். செவ்வாய்க்கிழமை ஆள் வராத நாள், எடுத்துக்கொள் என்றார். அன்றைக்கு மட்டும் ஜோடி விதி கிடையாது. ஆனால் பகல் பன்னிரண்டுக்குள் நூற்றைம்பது பேர் உள்ளே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் முன்பதிவு ரத்து, இனி எந்த வருடமும் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வாயிலில், ஆளுக்கு ஒருமுறை கட்டைவிரலால் அழுத்தும் எண்ணிக்கைக் கருவியோடு நின்றேன். பத்து நாற்பதுக்கு முப்பத்தொன்று. எதிரே பேருந்து நிறுத்தத்தில் மட்டும் நல்ல கூட்டம். ஹெல்மெட் கழற்றாதவர்கள், முகத்தைத் துணியால் மூடியவர்கள், அறிவிப்புப் பலகையை மூன்றாவது முறை படிப்பவர்கள். பேருந்துகள் வந்தன, போயின. யாரும் ஏறவில்லை. ஒரு நடத்துநர் படியில் தொங்கியபடி கத்தினார்: “ஏறுறீங்களா, இல்ல எல்லாரும் எனக்கு டாட்டா காட்ட வந்தீங்களா?”

அம்மா மேடையிலிருந்து போன் செய்தாள். “எத்தன?”

“முப்பத்தொண்ணு. எதிர்ல நூறு பேருக்கு மேல நிக்கறாங்க. யாரும் மொதல்ல வர மாட்டேங்கறாங்க.”

“எப்படிடா வருவாங்க? வந்தவங்களும் ஓரமா ஒதுங்கிட்டாங்க, காலி ராட்டினம் நிக்குது. எனக்கே வரத் தோணாது.” விசிலால் கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “அம்பத்தெட்ட அனுப்பு. தண்ணி ரைடுல ரெயின்கோட் இருக்கும், நாப்பது எடுத்துட்டு வரச் சொல்லு.”

அன்று சோதனை நாள். மூட்டைகள் இன்னும் பெட்டிகளிலேயே இருந்தன. அவளும் அவனுமாக நாற்பது மூட்டைகளுக்கும் நீல ரெயின்கோட் மாட்டி, தலைமூடியை இழுத்துவிட்டார்கள். பெட்டிக்கு இரண்டு பேர், தோளோடு தோள் சேர்த்து. ராட்டினம் சுற்றத் தொடங்கியது. சுற்றுச்சுவருக்கு மேலே, சாலையிலிருந்து பார்த்தால், நாற்பது பேர் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து நிதானமாக வானத்துக்குப் போய்வந்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் தலைகள் நிமிர்ந்தன. பார்லர் அக்கா மேலே பார்த்துக் கை காட்டினார். இன்னொரு முறை காட்டினார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “பாத்தீங்களா திமிர? உள்ள போய்ட்டா நம்மளத் தெரியாதாமா?” என்று சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்தார். நாலு பேர் அவர் பின்னால் வந்தார்கள். அந்த நாலு பேருக்குப் பின்னால் மற்றவர்கள். என் கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்தது.

மேடைக்குப் போய் முதல் பெட்டியைக் குனிந்து பார்த்த பார்லர் அக்காவின் குரல் வாயில்வரை கேட்டது. “அடக் கடவுளே, மூட்டைக்கா நான் கை காட்டுனேன்?”

“அவங்கள எறங்கச் சொல்லிட்டேன்,” என்றாள் அம்மா. “நீ ஏறும்மா.”

பதினொன்று ஐம்பதுக்கு நூற்று அறுபத்துமூன்று. மேனேஜர் கருவியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், அருகிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவரும் காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

மதியம் அம்மா எங்களைக் கூப்பிட்டாள். “நாலு. ரெண்டு பேரும்.” எதிரே பதினாலில் மேனேஜரையும் இரண்டு மூட்டைகளையும் ஏற்றினாள். “பத்து கிலோ கூடத்தான். பரவால்ல, தாங்கும்.” கம்பியை இறக்கிப் பூட்டி, வழக்கம்போல இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். கண்கலங்கவோ வாழ்த்தவோ இல்லை. எல்லோரிடமும் கத்துவதுபோலவே எங்களிடமும் கத்தினாள்: “கைய உள்ள வைங்கடா!” பல மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அந்தக் கத்தலில் இறங்கிப் போயிற்று.

அவள் இருந்தவரை நாலு வருடம் அந்த நாள் நடந்தது. போன வருடம் அறுநூறு பேர். ஜோடி விதியை மற்ற நாட்களிலும் எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கும் எனக்கும் நடுவே சொல்லாமல் நின்றுபோன வார்த்தை என்று எதுவும் இல்லை. அவளை எடுத்துக்கொண்டு போன அன்றும் அந்த நிம்மதி எனக்கு இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அழுகை அதன் பாட்டுக்கு வருகிறது.

இந்த வருடத்து நாளுக்கு அவள் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாள். ஒன்பது வேலைகள். எட்டை முடித்துக் கோடு இழுத்திருந்தாள். ஒன்பதாவது: ‘பஸ் ஸ்டாப் ஐயா. நேர்ல போகணும்.’

அது யாரென்று அம்பத்தெட்டுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் முதல் வருடத்திலிருந்து மகளை ஸ்கூட்டரில் கூட்டிவந்து வாயிலில் இறக்கிவிடுவார். உள்ளே வர மாட்டார். மகளின் தோழி ஒருத்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வதைப் பார்ப்பார். அப்புறம் எதிரே போய் உட்கார்ந்து, மாலைவரை ஒரே செய்தித்தாளைப் படிப்பார். “அவசரப்படுத்தக் கூடாது. அவரா வரட்டும்” என்று நாலு வருடமும் விட்டாள் அம்மா. போன வருடம் முடிந்ததும் அம்பத்தெட்டிடம் சொன்னாளாம்: “தப்பு பண்ணிட்டேன். அவரு யாராச்சும் வந்து கூப்பிடணும்னு உக்காந்திருக்காரு. அடுத்த வருஷம் நானே போறேன்.”

இந்த வருடத்து நாளன்று நான் சாலையைக் கடந்தேன். நுழைவுக்கு மணிக்கட்டில் கட்டும் காகிதப் பட்டை ஒன்று கையில் இருந்தது. அவர் செய்தித்தாளை மடித்தார்.

“ராட்டினத்து அம்மாவக் காணோமே தம்பி? வருஷா வருஷம் மேடைலேர்ந்து எனக்குக் கை காட்டுவாங்க.”

“தவறிட்டாங்க ஐயா. ரெண்டு மாசம் ஆச்சு. நான் அவங்க பையன்.”

அவர் என்னைப் பார்த்தார். பூங்காவைப் பார்த்தார். நான் காகிதப் பட்டையைப் பிரித்தேன்.

“உங்கள உள்ள கூப்பிடணும்னு எழுதி வச்சிருந்தாங்க,” என்றேன். “அது ஒண்ணுதான் பாக்கி.”

ஒரு பேருந்து வந்து நின்றது, போயிற்று. அவர் இடது மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தை மெல்லக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.