மாடியில் நின்றால் கப்பல் தெரியும்

எங்கள் வீட்டில் கப்பலைப் பார்த்துத்தான் மாப்பிள்ளையை முடிவு செய்தார்கள். அத்தைக்குத் தூத்துக்குடியிலிருந்து வரன் வந்ததும் அப்பா போய் வீடு பார்த்துவிட்டு வந்தார். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை, அதுவும் காண்ட்ராக்டில். வீடோ வாடகை வீடு. அதையெல்லாம் அப்பா பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. "மொட்டை மாடியில நின்னா கப்பல் தெரியுது" என்று மட்டும் வன்னியம்பட்டி முழுக்கச் சொல்லி முடித்தார். மலையையும் கண்மாயையும் பார்த்தே பழகிய ஊர் வாயைப் பிளந்து கேட்டது.

தாத்தா இல்லாத வீட்டில் அத்தையை வளர்த்தது அப்பாதான். ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. புருவத்தில் பஞ்சும் தொண்டையில் இருமலுமாக வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கைக்குப் போன் போடுவார். முகம் பார்த்துப் பேசுகிற போனெல்லாம் அப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்: "என்ன தாயி, கப்பல் தெரியுதா?" தெரியுதுண்ணே என்று பதில் வந்த பிறகுதான் மற்றப் பேச்சு.

நேரில் போய்ப் பார்க்கத்தான் அவருக்கு வாய்க்கவில்லை. பொங்கல் சீரைக் கட்டி வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருக்கும்போதே, நீங்க எதுக்குண்ணே அலையணும் என்று அத்தையே வந்து நிற்பாள். ஆண்டாள் தேருக்கும் அப்படித்தான். வரும்போதெல்லாம் அரக்கு, கரும்பச்சை, கருநீலம் என்று அடர்ந்த நிறத்திலேயே சேலை கட்டியிருப்பாள். கல்யாணமானதும் ரசனையே மாறிப்போச்சு என்று அம்மா சொல்வாள்.

மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், கப்பல் பார்க்க வேண்டும் என்று நான் எல்லார் உயிரையும் வாங்கினேன். அனுப்பி வைக்கிறேன் என்று அப்பா போனில் சொன்னபோது வெயிலா இருக்கேண்ணே என்று அத்தை இழுத்தாளாம். அப்புறம், "அனுப்புங்கண்ணே" என்றாளாம். மாமா வந்து கூட்டிப்போனார். ஒரு கிலோ பால்கோவாவை மடியில் வைத்துக்கொண்டு, கோவில்பட்டியில் பஸ் மாறி, தூத்துக்குடி போய்ச் சேர்ந்தேன்.

செருப்பை வாசலில் உதறிவிட்டு நேராக மாடிக்கு ஓடினேன். அங்கே கப்பலும் இல்லை, கடலும் இல்லை. எதிரே கறுப்பாக ஒரு மலை இருந்தது. நிலக்கரியாம். அதற்குப் பின்னால் புகைபோக்கிகள். பின்னாலேயே மூச்சு வாங்க ஏறிவந்த அத்தை, "கல்யாணத்துக்குப் பொறவுதான் இங்கன கொட்டுறாக. கப்பல் அதுக்குப் பின்னாடி நிக்கு" என்றாள். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ 'பாம்' என்று ஒரு சத்தம் வந்தது. "கேட்டியா? கேட்டா பாத்த மாதிரிதான்" என்றாள். நான் ஓவென்று அழுதேன். என் உள்ளங்கால் இரண்டும் கரியாகியிருந்தன. அத்தை திட்டவில்லை. துவைகல்லில் உட்காரவைத்துக் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, நான் இறங்கிவந்த படிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

அத்தை வீட்டில் துணியை மாடியில் காயப்போடுவதில்லை. அறைக்குள்ளே கொடி கட்டி ஃபேனைப் போட்டு உலர்த்துவாள். தரையை நாளுக்கு மூன்று தடவை துடைப்பாள். இடையிடையே இருமுவாள். கேட்டால் உப்புக் காற்று என்பாள்.

ஆனாலும் அந்த ஊரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. லீவு நாளில் மாமா பைக்கில் துறைமுக ரோட்டுக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்தது. "உங்க ஊர்ப் பஞ்சுதான், நாக்குல வச்சுப் பாரு" என்று ஒரு கட்டியைக் கொடுத்தார். நம்பி வாயில் போட்டேன். உப்பு என்று தெரிந்து நான் துப்பியதைப் பார்த்து ரோட்டோரமே பைக்கை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வரிசையாக நின்ற லாரிகளைக் காட்டி, இதில் உங்கள் ஊர் நூலும் இருக்கிறது, கப்பலேறப் போகிறது என்றார். அதை மட்டும் நான் நம்பவில்லை. கடற்கரையில் நின்று பார்த்தபோது தூரத்தில் தீப்பெட்டி அளவுக்கு இரண்டு கப்பல்கள் தெரிந்தன. கோவில்பட்டி பஸ்ஸே இதைவிடப் பெரிது என்று சொன்னேன். சாயங்காலமானால் அந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கித் தருவார்கள். அடுப்படியில் நின்றபடியே, ஊதுகிற சத்தத்தை வைத்து, இந்தக் கப்பல் வருகிறது, இது போகிறது என்று அத்தை சொல்வாள். எப்படி என்று கேட்டால் சிரிப்பாள். அவள் அந்த வீட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

பத்தாம் நாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டபடி மெதுவாகச் சொன்னாள்.

"ஏட்டி, அப்பா கேட்டா மாடியிலருந்து கப்பல் பாத்தேன்னு சொல்லணும். அந்தக் கப்பலப் பாத்துத்தான் அண்ணன் என்னைய இங்கன குடுத்தாக. இல்லைன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாக."

தலையிலடித்துச் சத்தியம் செய்தேன். மக்ரூன் பொட்டலம் ஒன்று தனியாகக் கிடைத்தது.

வீட்டில் நுழைந்ததும் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"கப்பல் பாத்தியா? எம்புட்டுப் பெருசு?"

"நம்ம மலை உசரம்ப்பா."

"என்ன நிறம்?"

பொய்யை முழுசாகச் சொல்ல எனக்கு அப்போது வராது. "கறுப்பு. முழுக்கக் கறுப்பு."

"பொறவு எங்க போச்சு?"

"எங்கயும் போகல. பத்து நாளும் அங்கனயேதான் நின்னுச்சு."

அப்பா என் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். அத்தை எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. "நல்லாத்தான் பாத்திருக்க" என்று சொல்லிவிட்டுக் காலை மெதுவாகக் கீழே வைத்தார். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த ஞாயிறு போன் போட்டபோது ஒட்டிக்கொண்டு நின்றேன். கப்பலைப் பற்றி அப்பா கேட்கவே இல்லை. "இருமல் இருக்கா தாயி?" என்றார். அதற்குப் பிறகும் எந்த ஞாயிறும் கப்பலைக் கேட்கவில்லை. நான் அவ்வளவு நன்றாகச் சொல்லியும் இவருக்குக் கப்பல் ஆசை விட்டுப்போயிற்றே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்தப் பொங்கலுக்கு யாரிடமும் சொல்லாமல், அத்தை கிளம்புவதற்கு இரண்டு நாள் முந்தியே அப்பா சீரைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் வழக்கம்போலக் கேட்டார்கள், கப்பல் தெரியுதா என்று.

"தெரியாம என்ன. நல்லாத் தெரியுது" என்றார் அப்பா.

பஸ் சத்தம் கேட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரியையெல்லாம் அள்ளிவிட்டார்கள், இனி அத்தை மாடியில் துணி காயப்போடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.