குப்பை வண்டியில் வரும் என் குரல்

எங்கள் சாரம் பகுதியில் காலையில் என் குரலைக் கேட்காமல் யாரும் பல் விளக்கி முடிக்க முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நகராட்சிக் குப்பை வண்டியின் ஒலிபெருக்கியில் டெங்கு பற்றிய அறிவிப்பு ஒன்று ஓயாமல் ஓடும். அதைப் பேசியவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். ஆண்டு விழா, கொடியேற்றம் என்று எது வந்தாலும் மைக்கை என் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு விழாவுக்கு வந்திருந்த அதிகாரிக்கு என் உச்சரிப்பு பிடித்துப்போய்விட்டது. "சின்ன வேலைதான் டீச்சர்" என்று மாட்டிவிட்டார்.

பதிவு செய்தது ஒரு மைக்செட் கடையின் பின்னறையில். நான் இரண்டு வரி பேசுவதற்குள் கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவ்ளோ சீரியஸா சொல்லாதீங்க டீச்சர். சிரிச்சிகிட்டே சொல்லுங்க. அப்பதான் ஜனங்க காதுல ஏறும்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். "அன்பார்ந்த பொதுமக்களே! டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்! தண்ணீர்த் தொட்டிகளை வாரம் ஒருமுறை காலி செய்து, தேய்த்துக் கழுவுங்கள்!" பின்னணியில் நாதஸ்வரத்தையும் அவரே சேர்த்துவிட்டார். டெங்குவுக்குப் பத்திரிகை வைத்து வீட்டுக்கு அழைப்பதுபோல் அமைந்துவிட்டது.

காதில் ஏறியது உண்மைதான். "உங்க குரல் கேட்டாதான் டீச்சர், குக்கர் வெக்கணும்னு எனக்கு ஞாபகமே வருது" என்றாள் எதிர்வீட்டுக்காரி. இன்னொரு வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவதற்கு நான்தான் மணி. தொட்டியைக் கழுவியவர்கள் மட்டும் யாருமில்லை. எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பப்பாளி இலைச் சாறு, கற்பூரம், கொசுவை விரட்டும் மந்திரம் எல்லாம் அதில் நாள் தவறாமல் வரும். அதே அறிவிப்பை நானும் ஒருநாள் எழுதிப் போட்டேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. அதற்குக் கீழே யாரோ தேங்காய்த்திட்டு மீன்துறையில் வாங்கிய வஞ்சிர மீனின் படத்தைப் போட்டார்கள். பேச்சு அதோடு மீன் விலைக்குப் போய்விட்டது.

எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு பென்ஷன். தெருவே அவரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதுபோல் முசியே என்றுதான் கூப்பிடும். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரோஜாச் செடிகளுக்காக ஒரு சிமெண்ட் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். அது சரியாக என் சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. எட்டிப் பார்த்தால் புழுக்கள் நெளிவது தெரியும். சுகாதாரத் துறையிலிருந்து வந்த பெண்கள் சொல்லிப் பார்த்தார்கள், நானும் சொன்னேன்.

"நம்ம தண்ணி சுத்தமான போர் தண்ணிம்மா. நல்ல தண்ணில எப்பிடிம்மா கெட்ட கொசு வரும்?" என்றார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் குப்பை வண்டி திரும்பி, நல்ல தண்ணீரில்தான் வரும் என்று என் குரலிலேயே சிரித்துக்கொண்டு சொன்னது. அவர் பூவாளியை எடுத்துக்கொண்டு செடிப்பக்கம் போனார்.

மழை முடிந்த வாரத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம், டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சுருண்டு கிடந்த நாட்களை எழுத எனக்குத் தெம்பில்லை. ரத்தத்தில் தட்டணு, அதாவது பிளேட்லெட், ஏறியதா இறங்கியதா என்று நர்ஸின் முகத்தைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார்: "இன்னொரு தடவை வராம பாத்துக்கோங்க. ரெண்டாவது தடவை வந்தா இதைவிட மோசமாகலாம்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தொட்டி தளும்பி நின்றது. அதில் பிறந்த கொசுதான் அவளைக் கடித்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் எனக்குச் சந்தேகமே இல்லை. முசியே ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு அவளைப் பார்க்க வந்தார், கண் கலங்கினார். தொட்டியைப் பற்றிப் பேச்செடுத்ததும் அந்தப் பழைய போர் தண்ணீர்க் கதையையே திரும்பச் சொன்னார். ஆரஞ்சுப் பழத்தை அவர் தலையிலேயே உரிக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த நாள் அவர் கொல்லையில் நின்று, பிரான்சில் இருக்கும் தன் மகளோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். அவர் வீட்டு டிவியில் பிரெஞ்சுச் செய்தி மட்டும்தான் ஓடும். அங்கே டெங்குவைக் கொண்டுவரும் புலிக்கொசு பரவுகிறது என்று அதில் காட்டிவிட்டார்களாம்.

"பால்கனியில பூந்தொட்டித் தட்டுல தண்ணி நிக்க விடாதே! இப்பவே போய்க் கவுத்து வை! டிவியிலயே சொல்றான்!"

சொல்லும்போதே குனிந்து, தன் கெண்டைக்காலில் உட்கார்ந்த கொசுவை அடித்தார். சாய்ந்து நின்றது அதே தொட்டியின் விளிம்பில்தான். கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

அவருடைய மகளும் நானும் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். மதிப்பெண் அள்ளலாம் என்று அந்தக் காலத்தில் நானும் பிரெஞ்சு எடுத்திருந்தேன். பிரெஞ்சில் எட்டு வரி எழுதி அவளுக்கு அனுப்பினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தப்பையெல்லாம் திருத்திக் கொடுத்தாள். குப்பை வண்டியில் சொன்னதற்கு மேல் அதில் ஒரு சொல்கூட இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசிப் பதிவு செய்தேன். நாதஸ்வரம் இல்லை. சிரிப்பும் வரவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்ணில் நின்றது. "அத்தான்சியோன்!" என்று ஆரம்பித்தேன், ஜாக்கிரதை என்று அர்த்தம். பதிவு அங்கே போய், மகளின் நம்பரிலிருந்து அப்பாவுக்கு வந்து சேர்ந்தது. "கேளுங்க பப்பா" என்று மட்டும் அவள் எழுதியிருந்தாள்.

மறுநாள் காலையில் ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. முசியே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டிக்குள்ளேயே இறங்கித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே பதிவைத் தெருக்குழுவிலும் போட்டிருந்தார். என்ன சொல்கிறார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "பிரான்சுல இருந்து வந்திருக்கு, டேஞ்சர்" என்று பதில் எழுதியிருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. பிரெஞ்சில் ஒரு எழுத்துகூடத் தெரியாத தெரு, மத்தியானத்துக்குள் பழைய டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் வாசலில் குவித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி மொட்டைமாடி ட்ரம்மைக் கவிழ்த்தாள். சாயங்காலம் மூலக்குளத்திலிருந்து என் நாத்தனார் அதே பதிவை எனக்கே அனுப்பினாள். மேலே சிவப்பு விளக்குப் படங்கள், கூடவே "பாரிஸ் பெரிய டாக்டரம்மா எச்சரிக்கை. பத்து பேருக்கு அனுப்பவும்" என்ற வாசகம். பத்து பேருக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துக் குப்பை வண்டி வந்தபோது, மகளை வெயிலில் கொஞ்சம் நிற்கட்டும் என்று வாசலுக்கு அழைத்து வந்திருந்தேன். முசியேவும் வாளியோடு வந்தார். அன்பார்ந்த பொதுமக்களை நான் அழைப்பதைக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நீ சொல்றதைக் கேட்டா கல்யாணத்துக்குக் கூப்புடற மாதிரி இருக்கு. அந்த மதாம் பேசினதைக் கேட்டியா? என்னா அக்கறை! பெத்த புள்ளைக்கு ஒண்ணுன்னா எப்பிடிப் பதறுவாங்களோ, அப்பிடி இருந்திச்சு. அதைக் கேட்டுக் கத்துக்கணும்."

"சரிங்க முசியே" என்றேன்.

என் மகள் என் கையை அழுத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது அன்றுதான். அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டித் தள்ளினேன். வகுப்பு வகுப்பாகத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாய் இது. பெற்ற பிள்ளைக்காகப் பதறுகிறேன் என்பதைப் பக்கத்து வீட்டுக்குப் புரியவைக்க, அந்தப் பதற்றம் பிரான்ஸ் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.