வெறும் வார்னிங்

கழுவிக் கவிழ்த்த டம்ளரைக்கூட இன்னொரு தடவை அலசாமல் ஜெயராணி தண்ணீர் ஊற்றமாட்டாள். "முன்னாடி இதுல என்ன இருந்துச்சோ, யாரு கண்டா?" என்பாள். ஆவூரிலிருந்து பஸ் ஏறிப் புதுக்கோட்டை வந்து, ஜெரால்டின் கம்ப்யூட்டர் சென்டரில் வலைத்தளங்களைப் பழுது பார்க்கிற வேலை. ஜெரால்டு திரையில் தெரியாதபடி மறைத்துவைக்கும் புரோகிராம் வார்னிங்குகளை எல்லாம் இவள் காலையில் வந்ததும் திறந்து வைத்துக்கொள்வாள். ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்துவது என்பது அவர் கட்சி.

ரத்ததானக் குழு ஒன்றின் தளமும் அவர்கள் செய்ததுதான். போன வாரம் அதில் ஓ நெகட்டிவ் என்று பார்த்து, விராலிமலை மரியசெல்வத்தை ஒரு பிரசவத்துக்கு அழைத்தார்கள். போட்டது போட்டபடி ஓடிவந்தார். சோதித்தால் பி பாசிட்டிவ். வேறு ஆள் கிடைத்துத் தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் முன்னால் அவரைப் பொய்யன் என்று ஏசியாகிவிட்டது.

"கூப்பிட்டாங்க, வந்தேன். குரூப்பு நான் எழுதிக் குடுக்கவே இல்லம்மா. எம் பேரை எடுத்துருங்க," என்று ஜெயராணியிடம் போனில் சொன்னார்.  போனை வைத்ததும் அந்தத் தளத்தின் வார்னிங்குகளைத் திறந்தாள்.

ஊருக்கு ஒரு பட்டியல். அதில் அரிமளம் பட்டியலில் மட்டும் பல நாளாக ஒரு வார்னிங். ரத்தப் பிரிவைப் போட்டுவைக்கும் வேரியபிள் என்ற பாத்திரத்தில் முதலில் எதுவுமே வைக்கவில்லை என்றது.

"வெறும் வார்னிங்தானங்க, அமுக்கி விடுங்க," என்றார் ஜெரால்டு.

அவள் வரிவரியாக இறங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் அந்த இடத்தைத் துடைக்க யாரும் எழுதவில்லை. அதனால் பிரிவு எழுதாதவருக்கு, அவருக்கு மேலே இருப்பவருடையதே ஒட்டிக்கொண்டு வந்தது. அரிமளத்தில் முதல் ஆளே எழுதவில்லை. ஒட்டிக்கொள்ள முன்னால் ஆள் இல்லாததால் அங்கே மட்டும் வார்னிங் கத்தியது. மற்ற ஊர்களில் சத்தமே இல்லாமல் தப்பு நடந்துகொண்டிருந்தது. விராலிமலையில் மரியசெல்வத்துக்கு மேலே இருந்தவர் ஓ நெகட்டிவ்.

ஒரே ஒரு வரி சேர்த்தாள். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 'தெரியாது' என்று இருக்கட்டும். பட்டியல் நெடுகத் 'தெரியாது' முளைத்தது.

"என்னங்க இது, பாக்கவே அசிங்கமா இருக்கு. குழுக்காரவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நெசத்தைச் சொல்லுங்க சார்."

மரியசெல்வத்தை அழைத்து நடந்ததைச் சொன்னாள். "தப்பு எங்க மேலதாண்ணே."

 "அப்பப் பேரு இருக்கட்டும். பி பாசிட்டிவ்னு போட்டுக்கம்மா," என்றார்.

போட்டாள். 'தெரியாது' என்றிருந்த அடுத்த பெயரைப் பார்த்து, போனில் எண்ணை அழுத்தினாள்.