பக்ருன்னிசாவின் இடது கை

கோவில்பட்டியில் கல்யாணம் வைத்தவர்கள் மண்டபம் பிடித்த கையோடு பக்ருன்னிசாவுக்குப் போன் போட்டு நாள் சொல்லிவிடுவார்கள். அப்படியொரு பேர் அவளுக்கு. முகூர்த்த நாட்களில் காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு என்று மகள் அஃப்ஷானின் ஸ்கூட்டியில் பறப்பாள். இந்து வீடு, முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். மணப்பெண்ணின் கையைத் தலையணை மேல் வைத்து, மருதாணிக் கோனை எடுத்தால் கொடியும் பூவும் அதுபாட்டுக்கு ஓடும். வாய் பிஸ்மில்லாஹ் சொல்லும். மனசு அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நாற்பத்தாறாவது வயதில் ஒருநாள் காலை, அரிசி களைந்துகொண்டிருந்தபோது சட்டி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். கை எடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டாள். பேச்சு குழறியது. மார்க்கெட்டில் வத்தல் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் அப்துல் ரஹ்மான், கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடிவந்து, காரில் போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்தாள். பேச்சும் நடையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. வலது கை மட்டும் திரும்பவில்லை. தூக்கம் கலையாத பிள்ளையைப் போல மடியில் கிடந்தது.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். "இத்தன வருசம் ஒழைச்சாச்சு, இனி ஓய்வா இருங்க" என்றார்கள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் ஒவ்வொருவரும் அதைச் சொல்லிவிட்டுப் போகும்போது, ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போவதுபோல் அவளுக்கு இருந்தது. போன் மணி நின்றது.

தொழுகையில் இரண்டு கையையும் உயர்த்த முடியவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொள்வாள். ஒருநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்து, தொழுகை விரிப்பான முசல்லாவில் உட்கார்ந்து, இறைவனைத் துதிக்கும் தஸ்பீஹ் ஓதினாள். இடது கட்டைவிரல் மற்ற விரல்களின் ரேகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனது. எண்ணிக்கை தப்பவில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய், அஃப்ஷான் தன் தோழிக்காகச் சுற்றி வைத்திருந்த கோனை எடுத்துவந்தாள்.

எதில் போடுவது? மடியில் வலது கை விரிந்து கிடந்தது. சின்னப் பிள்ளையில் கோன் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கைக்கு மருதாணி கிடையாது. தன் கைக்குத் தானே போடுகிறவளுக்கு இடது கைதான் வாய்க்கும். ஊர்ப் பெண்களையெல்லாம் சிவக்க வைத்த கை, வெறுங்கையாகவே இருந்துவிட்டது. அதன் உள்ளங்கையில் ஒரு புள்ளி வைத்தாள். மருதாணி பீச்சியடித்துப் பெரிய பொட்டாக அப்பியது. அதைச் சுற்றி இதழ் இழுத்தாள்; கோணிக்கொண்டு ஓடியது.

கல்லூரிக்குக் கிளம்பிய அஃப்ஷான் எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, தேளா?"

"ரோசாப்பூ."

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

மறுநாளும் உட்கார்ந்தாள். ஆனால் நல்ல காரியத்தை வலது கையால் தொடங்குவதுதானே முறை என்று ஒரு உறுத்தல். புருஷனிடம் கேட்டாள்.

"பிஸ்மில்லா சொல்லிட்டு இடது கையால தொடங்குதேன். சரிதானாங்க?"

அப்துல் ரஹ்மான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அல்லா ஒண்ண எடுத்துக்கிட்டான், ஒண்ண விட்டு வச்சிருக்கான். விட்டு வச்சதக் கொண்டுதான செய்ய முடியும்? செய்யி."

அன்றிலிருந்து தினமும் சுபுஹுக்குப் பின் அவளும் அவள் வலது உள்ளங்கையும்தான். இடது கைக்கு அவசரம் தெரியாது. மனசு வேறெங்காவது போனால் கோடு அந்த இடத்திலேயே அறுந்துவிடும். அதனால் ஒரு புள்ளிக்கு ஒரு சுப்ஹானல்லாஹ், ஒரு வளைவுக்கு ஒரு அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். இருபத்தைந்து வருடம் கல்யாண வீடுகளில் போட்ட மருதாணியில் ஒருநாளும் அவள் இவ்வளவு முழுசாக உட்கார்ந்ததில்லை. முசல்லாவைச் சுருட்டி வைத்த பிறகும் தொழுகை கோன் நுனியில் நடந்துகொண்டிருந்தது.

மாதங்கள் போயின. கோடு அறுபடாமல் வந்தது. ஆனால் அதில் ஒரு நடுக்கம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பழைய வழுவழுப்பான கொடி வரவே இல்லை. போனில் இருந்த பழைய படங்களைப் பார்த்து ஒருநாள் வாய்விட்டு அழுதாள்.

பங்குனியில், கைக்குப் பயிற்சி எடுத்துவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். கயத்தாறு தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த கரிசல் காடு. வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற வெடிப்புதான். ஆனால் அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு அது வேறுமாதிரித் தெரிந்தது. ஒரு கோடுகூட நேராக இல்லை. நடுங்கி, கிளைத்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் தப்பாகவும் இல்லை. "என் கோடுல்லா இது," என்று முணுமுணுத்தாள். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் நடுக்கத்தோடு மல்லுக்கட்டவில்லை. போகிற போக்கில் விட்டாள். உள்ளங்கையில் கரிசல் வெடித்தது. வெடிப்புகளுக்கு நடுவே பருத்திப் பூ வைத்தாள். விரல்களின் நீளத்துக்குக் கம்பங்கதிர் ஏற்றினாள். அஃப்ஷான் பார்த்தாள். போனை எடுத்துப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள்.

அந்தப் படம் கழுகுமலை முத்துச்செல்வியின் கண்ணில் பட்டது. அவள் அக்கா கல்யாணத்துக்கு மருதாணி போட்டவள் பக்ருன்னிசாதான். முத்துச்செல்வி இப்போது நர்ஸ். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். "எனக்கு இதேதான் வேணும், வாங்க" என்று போன் போட்டுவிட்டாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு தாயும் மகளும் போய் இறங்கினார்கள். முத்துச்செல்வியின் அம்மா ராஜமணி வாசலிலேயே தயங்கினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க பாயம்மா. மங்கள காரியம். இடது கையால போட்டா நாலு பேரு நாலு விதமா பேசுவாவ."

பக்ருன்னிசாவுக்கு முகம் சுண்டியது. உள்ளேயிருந்து முத்துச்செல்வி வந்தாள்.

"எம்மா, எங்க ஆஸ்பத்திரில ஆபரேசன் பண்ணுத டாக்டருக்கு இடது கைப் பழக்கம். அவரு பொழைக்க வச்ச ஆளுக ஒருத்தரும் அதுக்குக் கோவிச்சுக்கிடல," என்று சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். "நீங்க தொடங்குங்கக்கா."

பக்ருன்னிசா கண்ணை மூடி பிஸ்மில்லாஹ் சொன்னாள். முதல் கோடு மணிக்கட்டிலிருந்து கிளம்பியது.

முன்பெல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை. அன்று காலையில் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கிற நேரம்வரை போட்டாள். இடையில் தொழுதாள், சாப்பிட்டாள், விரல்களை நீவிக்கொண்டாள். அடுப்படியில் விலகியே நின்ற ராஜமணி, மத்தியானத்துக்கு மேல் டீயோடு வந்தாள். மகளின் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி, இது நம்ம காட்டு வெடிப்புல்லா?"

"ஆமாம்மா."

ராஜமணி டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். காலமெல்லாம் அந்தக் காட்டில் களை எடுத்தவள் அவள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "சித்திரை வைகாசில இப்படி வெடிச்சுக் கெடந்தாத்தான் பாயம்மா, பெய்யுத மழை அடியாழம்வரைக்கும் எறங்கும்," என்றாள். அதற்கு மேல் இடது கை பற்றிய பேச்சே எழவில்லை. மகளின் முழங்கை அசையாமல் பிடித்துக்கொண்டது ராஜமணிதான். பக்ருன்னிசாவின் நெற்றி வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டதும் அவள்தான்.

கல்யாணத்தன்று மருதாணி அடர்ந்த செங்கருப்பாகப் பிடித்திருந்தது. மேடையில் முத்துச்செல்வி உள்ளங்கைகளைச் சேர்த்து ஏந்தித் தாம்பூலம் வாங்கியபோது இரண்டு கையும் சேர்ந்து ஒரே நிலமாகத் தெரிந்தது. குளத்தூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை சுப்புத்தாய், பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"யாரு போட்டது? மதுரைல இருந்து வரவச்சீங்களா?"

"எங்க பக்ருன்னிசாக்கா போட்டது," என்றாள் ராஜமணி. "அதும் இடது கையால. அந்தா உக்காந்திருக்காவ பாருங்க."

மூன்றாவது வரிசையில் அஃப்ஷானோடு உட்கார்ந்திருந்த பக்ருன்னிசாவை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கூச்சம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. நெஞ்சு நிறைந்து, அதிகாலை முசல்லாவில் உட்கார்ந்திருப்பதுபோலவே அமைதியாக இருந்தது.

சுப்புத்தாய் நேராக அவளிடம் வந்தாள்.

"எம் மகளுக்கு ஆவணில கல்யாணம். நீங்கதான் வரணும். முந்தின நாளு சாயங்காலமா வந்து சட்டுன்னு முடிச்சுக் குடுத்துருங்க."

"வாரேன்," என்றாள் பக்ருன்னிசா. "ஆனா ரெண்டு நாளு முந்தியே வந்துருவேன். ஒரு நாளைக்கு ஒரு கைதான் போடுவேன். பொண்ணு அதுவரைக்கும் ஒரு வேலையும் பாக்காம எங்கூட உக்காந்திருக்கணும். சம்மதம்னா நாளு சொல்லுங்க."

அஃப்ஷான் அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தாள். இப்படி நிபந்தனை போட்டு அம்மா யாரிடமும் பேசி அவள் கேட்டதில்லை.

"சம்மதம்," என்று சொல்லிவிட்டு சுப்புத்தாய் நாள் சொன்னாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு அம்மாள் தன் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.