கரோலின் கடையில் எட்டாம் நம்பர் கோர்ட்டு

போன் திரையில் டவாலி வாயைத் திறப்பதற்குள் கரோலினின் உதடு அசைந்துவிடும். "எட்டாம் நம்பர் கோர்ட்டு கூடுது! செருப்பு தொலைச்சவங்க எல்லாம் வெளிய நின்னு தேடுங்க!" டவாலி குரலும் அந்தம்மா குரலும் சேர்ந்தே வரும். அப்புறம் ஜட்ஜ் வருவார், மூன்று முறை தும்முவார், உட்காருவார். திரைக்குப் பின்னால் கூட்டமாக ஒரு சிரிப்பு கிளம்பும். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை கரோலினின் கை கீபோர்டுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். அடங்கியதும் பழையபடி தடதடவென்று விழும்.

தங்கவயல் கோர்ட்டு காம்பவுண்டுக்கு எதிர்ச்சாரியில் ஏழடிக்கு ஆறடிக் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் பியூஸ் போய்விடும், அதனால் எப்போதும் ஏதாவது ஒன்று ஓய்வில் இருக்கும். மனு, அபிடவிட், வாடகைப் பத்திரம், பேர் மாற்றம் எல்லாம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் அடித்துத் தருவார். பேச்சு, திட்டு, சிரிப்பு மட்டும் தமிழ். வயது ஐம்பத்தாறு. ஆளைப் பார்க்க வேண்டுமானால் கண்ணாடி நெற்றிக்கு ஏறும், பேப்பரைப் பார்க்க வேண்டுமானால் மூக்குக்கு இறங்கும். நெற்றியில் இருக்கும்போது என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். மூக்கில் இருக்கும்போது வாயைக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வக்கீல்களுக்கும் இதே சட்டம்தான்.

'எட்டாம் நம்பர் கோர்ட்டு' தொண்ணூறுகளில் மெட்ராஸிலிருந்து வந்த டிவி தொடர். மொத்தம் முப்பத்தொன்பது வாரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுவான். கரோலின் வீட்டுக்காரர் ராஜப்பா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட். அவரைப் போலப் பல பேர் சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் பார்க்க முடியாமல் போனது. சங்கதி தெரிந்த கேபிள்காரர் அதை டேப்பில் பிடித்து வைத்து, மறுநாள் காலை பதினோரு மணிக்கு நைட் ஷிப்ட்காரர்களுக்கென்றே மறுபடி போட்டார். சுரங்கத்து லைன் வீடுகளில் சுவர் பேருக்குத்தான். ஒரு வீட்டில் டிவி ஓடினால் ஆறு வீடு சிரிக்கும். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஷிப்டும் போய்விட்டது. ஆனால் கரோலினுக்குப் பதினோரு மணி இன்னும் பதினோரு மணிதான். யாரோ புண்ணியவான் டேப்பைத் தேடியெடுத்து யூடியூபில் ஏற்றியிருக்கிறான். படத்தில் கோடு ஓடுகிறது, ஜட்ஜ் முகம் சில சமயம் பச்சையாகத் தெரிகிறது. கவலை இல்லை. ராஜப்பாவும் வீட்டில் அதே நேரத்துக்குப் போட்டுவிடுவார். நெஞ்சு சரியில்லாத மனுஷன், சிரித்தால் இருமல் வரும். "இருமாத நேரத்துல சிரிச்சுக்கறேன், உனக்கின்னா?" என்பார்.

அதில் வருகிற கேஸ் எல்லாம் என்ன பெரிய கேஸ்? பக்கத்து வீட்டுச் சேவல் நடுச்சாமத்தில் கூவித் தூக்கம் போகிறது என்று ஒருவன் வழக்குப் போடுவான். ஜட்ஜ் சேவலைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுவார். அதுவோ கூண்டில் ஏறி நின்று ஒரு சத்தம் போடாது. வக்கீல் பொறுமை இழந்து குதிப்பார். ஜட்ஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அது சொல்லட்டும்யா. கோர்ட்டுக்கு நேரம் இருக்கு" என்பார். சாயங்காலம் ஜட்ஜ் அசந்து தூங்கும்போது சேவல் கூவும். இதை அந்தம்மா நூறு தடவை பார்த்திருப்பார். நூற்றி ஒன்றாவது தடவையும் தோள் குலுங்கும். இருபத்தைந்து வயசு ஜூனியர் வக்கீல்கள், அந்தத் தொடர் வந்தபோது பிறக்கவே இல்லாத பிள்ளைகள், ஜெராக்ஸுக்கு வந்த இடத்தில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

"இன்னாத்துக்கு இன்னும் நல்லா கீதுன்னு கேக்கறாங்க. அந்த ஜட்ஜு யாரையும் பாதியில நிறுத்த மாட்டாரு, அதான் விஷயம். திருடனா இருக்கட்டும், சேவலா இருக்கட்டும், முழுசா கேப்பாரு. மத்ததெல்லாம் ஜோக்கு" என்கிறார் கரோலின்.

கடை வாசலில் ஒரு மர ஸ்டூல். முதல் தடவை சாட்சி சொல்லப் போகிறவர்கள், சம்மனைக் கையில் சுருட்டிக்கொண்டு உதடு காய்ந்து வருகிறவர்கள், எல்லாரும் அதில் உட்கார வேண்டும். "மொதல்ல இதப் பாரு. அப்பால டைப் பண்றேன்" என்று போனை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவார். ஆள் ஒரு தடவையாவது சிரித்தால்தான் பிரிண்டர் ஓடும். வக்கீல் சௌந்தரராஜன் இதை வைத்துக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "மேடம், உங்க கொட்டாயில இன்னிக்கு இன்னா படம்?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார். ஆனால் பயந்த சாட்சி யாராவது அவரிடம் மாட்டினால், முதலில் இந்த ஸ்டூலுக்குத்தான் அனுப்புவார்.

அப்படி அவர் அனுப்பி வந்தவர்தான் சம்பங்கி.

ஸ்கெலட்டன் என்கிற லைனில் வீடு. ஐம்பத்திரண்டு வயது. ஆறடி ஆள், முறுக்கிய மீசை, பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சி புருஷன் முன்னாலேயே இறந்துவிட்டான், தங்கச்சி இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். அவள் பெண் தென்றல், ஒன்பது வயது, தாய்மாமனோடு இருக்கிறது. கிருஷ்ணகிரியில் இருக்கிற பெரியப்பா, பெண்ணைத் தன்னிடம் அனுப்ப வேண்டும் என்று கேட்கிறார். அவர் கெட்டவர் இல்லை. சொந்த வீடு, வீட்டோடு இருக்கிற மனைவி, இரண்டு பிள்ளைகள் உண்டு. பெண்ணுக்கு யார் கார்டியன் என்பதுதான் வழக்கு.

சம்பங்கி இரண்டு முறை கூண்டில் ஏறினார். இரண்டு முறையும் எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்டதும் கற்சிலையாக நின்றார். சௌந்தரராஜன் வாய்தா வாங்கினார். மூன்றாவது தடவையும் பேசாவிட்டால் இவர் சாட்சியம் இல்லாமலேயே முடிவு செய்துவிடுவேன் என்று ஜட்ஜம்மா சொல்லிவிட்டார். அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே லீவு போட்டுவிட்டு அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார் சம்பங்கி. முதல் நாள் சிரிக்கவில்லை. இரண்டாம் நாள் சேவல் கேஸுக்கு அவர் மீசை லேசாக அசைந்தது. மூன்றாம் நாள் ஐந்து கேஸ் வரிசையாகப் பார்த்துவிட்டு இன்னொன்று போடச் சொன்னார்.

கேஸ் அன்று காலையில் வந்தபோது கரோலின் கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"இன்னாப்பா, மீசைக்கெல்லாம் எண்ணெய் போட்டுகினு வந்துக்கற. வாய்க்குப் போட்டியா?"

"கிண்டல் பண்ணாதக்கா. அந்த வக்கீலு கேக்கறாரு பாரு, புள்ளைக்கு நீ இன்னா செய்றேன்னு, அங்கதான் நாக்கு ஒட்டிக்குது. இருபது வருஷமா கேட்டுல நிக்கறேன். யாரு இன்னா கேட்டாலும் எஸ் சார், இல்ல மேடம். அதுக்கு மேல பேசினா கம்ப்ளெய்ண்டு. அப்படியே பழகிப் போச்சு."

கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. தான் அடித்த அபிடவிட்டை எடுத்துப் பார்த்தார் கரோலின். "மைனர் குழந்தையை நன்கு பராமரித்து வருகிறார்னு அடிச்சிக்கறேன். இதே லைனத்தான் எல்லாருக்கும் அடிக்கிறேன். கிருஷ்ணகிரிக்காரர் பேப்பர்லயும் இதான் இருக்கும். இத வச்சி ஜட்ஜம்மா இன்னான்னு முடிவு பண்ணுவாங்க? நெஜமா நீ இன்னாதான் பண்ற அந்தப் புள்ளைக்கு?"

"இன்னா பண்றேன், சும்மா... எல்லாரும் பண்றதுதான்."

"அந்தச் சும்மாவ அங்க போய் சொல்லு. போ."

இருபத்தாறு வருஷமாகக் கோர்ட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற அந்தம்மா உள்ளே போய் ஒரு கேஸைக்கூட முழுசாகப் பார்த்தது கிடையாது. வேலை விடாது. அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சம்பங்கிக்குப் பின்னாலேயே நடந்து, கோர்ட்டு ஹால் கதவோரம் போய் நின்றார்.

ஜட்ஜம்மா தார்வாடு பக்கம், கன்னடம். ஆனால் தங்கவயலில் இரண்டு வருஷம் இருந்தால் யார் காதிலும் தமிழ் தானாக ஏறிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"காலைல எத்தனை மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்பறீங்க?"

"அஞ்சு மணிக்குங்க. அப்பதான் ரயில் புடிக்க முடியும்."

சொல்லிவிட்டு நின்றார் சம்பங்கி. பெஞ்சுகளைப் பார்த்தபடி நின்றார். அடுத்த கேள்வி வந்தது, அவர் கையைக் காட்டி அதையும் நிறுத்தினார். சௌந்தரராஜன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார், மறுபடி கல்லாகிவிட்டான் என்று. கதவோரம் நின்ற கரோலினுக்கு மட்டும்தான் சட்டென்று விளங்கியது. கர்த்தரே என்று வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றார் ஜட்ஜம்மா.

"இல்லீங்கம்மா, இவங்க சிரிச்சு முடிச்சிரட்டும்னு."

"யாரு?"

சம்பங்கி பெஞ்சுகளைக் காட்டினார். "இவங்கதாங்க. பதில் சொன்னா கோர்ட்டுல சிரிப்பாங்க இல்ல?"

ஸ்டெனோ பெண்தான் முதலில் சிரித்துவிட்டாள். அப்புறம் மொத்த ஹாலும் சிரித்தது, கிருஷ்ணகிரி பெரியப்பா உட்பட. ஜட்ஜம்மா ஃபைலைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து இறக்கினார். "சரி, சிரிச்சாச்சு. இனிமே யாரும் சிரிக்க மாட்டாங்க. நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. அது அவர் தொழில். "அஞ்சு மணிக்குப் போறீங்க, ராத்திரி எட்டு மணிக்கு வர்றீங்க. அது ஒம்போது வயசு பொம்பளப் புள்ள. அதுக்கு நீங்க இன்னா செய்றீங்க?"

சம்பங்கி கூண்டின் கட்டையைப் பிடித்தார். கரோலின் கதவைப் பிடித்தார்.

"நாலு மணிக்கு எழுந்து சோறு ஆக்கிடுவேங்க. டப்பா கட்டிடுவேன். நாலரைக்குப் புள்ளைக்குத் தலை சீவுவேன். அது எழாது. உக்காந்துகினே தூங்கும், தலை என் முட்டி மேல சாயும். ஸ்கூல்ல ரெட்டைச் சடை, ரிப்பன் மடிச்சிக் கட்டணும்னுட்டாங்க. எனக்கு மொதல்ல வரல. ஒரு சடை மேல போவும், ஒண்ணு கீழ போவும். புள்ளைங்கல்லாம் கேலி பண்ணுதுன்னு அழுதுச்சு. அப்பால கேட்டுல நிக்கும்போது கயித்துல போட்டுப் பழகினேன். ஒரு மாசம் ஆச்சு."

அவருக்குத் தெரியாமலேயே அவர் விரல்கள் கட்டையை விட்டுவிட்டுக் காற்றில் மூன்று கால் எடுத்துச் சடை பின்ன ஆரம்பித்திருந்தன.

"சீவி முடிச்சா திரும்பப் படுத்துக்கும். ரெண்டு சடையும் கலையக்கூடாதுன்னு முன்னால எடுத்துப் போட்டுகினு மல்லாக்கப் படுக்கும். ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு தங்கம்மாக்கா எழுப்பி அனுப்புவாங்க. சாயங்காலமும் அவங்க வீட்லதான். நான் வந்து வாய்ப்பாடு கேப்பேன். ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தகராறுதாங்க."

"ரயில் லேட்டானா?"

"போன் பண்ணுவேங்க. அது திட்டும். 'நீ இன்னா மாமா மனுசன்'னு கேக்கும்."

இதற்கு அவர் சிரிப்புக்குக் காத்திருக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. பெரியப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வக்கீல் அவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அவர் வேண்டாம் என்று தலையாட்ட, வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

ஜட்ஜம்மா அன்றே தீர்ப்பு சொல்லவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். தன் அறையில் வைத்துத் தானே பேசிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் சௌந்தரராஜன் கோட்டைக் கழற்றி உதறினார். "மேடம், உங்க டிவி இன்னிக்கு என் கேஸக் கவுத்திருக்கும்."

"கவுக்கலையே சார். இந்தக் கோர்ட்டுல ஜனங்க சிரிச்சு எத்தனை வருசம் ஆச்சு, அதச் சொல்லுங்க."

சம்பங்கி வேர்வையில் நனைந்த சட்டையோடு ஸ்டூலில் வந்து விழுந்தார். தண்ணீர் குடித்தார். இன்னும் கொஞ்சம் குடித்தார். "நல்லா சொன்னனாக்கா?"

"முழுசா சொன்ன."

"திங்கக்கெழமை அதுக்கு ஸ்கூலு கீதேக்கா. பரிச்சை வேற."

கரோலின் ஷட்டரை முழுசாக ஏற்றினார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். ஹெட்மாஸ்டருக்கு ஒரு லீவு லெட்டர் அடிக்க உட்கார்ந்தார். தென்றல், நான்காம் வகுப்பு, திங்கட்கிழமை ஒருநாள் விடுப்பு. ஐந்து வரிதான். கீழே கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. இத்தனை மாதமாக எல்லாப் பேப்பரிலும் அந்த ஆளுக்கு மனுதாரர் என்றுதான் அடித்து வந்திருக்கிறார். எதிரே தெரிந்த கோர்ட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு 'கார்டியன்' என்று அடித்து, பக்கத்தில் 'சம்பங்கி' என்று அடித்து, பிரிண்ட் எடுத்து, பேனா மூடியைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.