அப்புத்தளை ஏற்றத்தில் அருள்மேரி அக்கா

பதுளைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அருள்மேரி அக்காவின் மகள் ரெஜினா. "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். சிரித்துக்கொண்டே என்று கேட்டதும் அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. வேறு விதமாகப் போனார் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பசறையிலிருந்து கொஸ்லந்த வரை உங்களில் பலருக்கு அவரைக் கல்யாணச் சமையல்காரியாகத் தெரியும். நான் அந்தத் தொழிலில் அவருடைய கூட்டாளி. அவர் வண்டி ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் நான்தான்.

வாடகை லொறி வராமல் ஒரு விருந்து தாமதமான பிறகுதான் அக்கா சொந்தமாக ஒரு கெப், அதாவது பிக்கப் வண்டி, வாங்கினார். கியர் தானாக மாறும் பழைய வண்டி. பின்னால் கொழுவ ஒரு டிரெய்லர். "இனிமே நம்ம சட்டி பானை நம்ம பின்னாலயே வரும் புள்ள" என்றார். வந்தது, ஆனால் அவர் நினைத்த பக்கம் வரவில்லை. ஒரு தோட்டத்தில் பின்னுக்கு எடுத்தபோது டிரெய்லர் தேயிலைக்குள் ஏறிவிட்டது. கங்காணி கோபமாக ஓடிவந்தார். "கோவிக்காதீங்க அண்ணே, கொழுந்து பறிக்க ஆசைப்பட்டுச்சு" என்றார் அக்கா. கங்காணி சிரித்துவிட்டார். வண்டியைத் தள்ளியும் விட்டார்.

ஆனால் நான் சொல்லவந்தது கொஸ்லந்த மாப்பிள்ளையின் கல்யாணக் கதை. மாப்பிள்ளை வீட்டில் காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டு, அப்புத்தளையில் பெண் வீட்டுத் தோட்டத்துக்குப் போய் மத்தியான விருந்து சமைக்கவேண்டும். வேலையாட்கள் முன்னாலேயே போய் அடுப்பு மூட்டிவிட்டார்கள். அரிசி, காய்கறி, அண்டாக்கள் எல்லாம் எங்கள் டிரெய்லரில்.

அல்தும்முல்லை தாண்டி ஏற்றத்தில் அக்கா மாதா பாட்டு ஒன்றை உரக்கப் பாடிக்கொண்டு வந்தார். பாட்டுக்கு நடுவே வண்டிக்கடியிலிருந்து வேறொரு சத்தம். முதலில் காதுக்குள் கொசு நுழைந்ததுபோல் ஒரு ரீங்காரம், பிறகு உறுமல். எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. தீய்ந்த வாடை அடித்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

அக்கா பாட்டை நிறுத்தி, அகலமான இடம் பார்த்து ஒதுக்கினார். நான் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். "எஞ்சினை நிப்பாட்டுங்கக்கா, பத்திக்கப் போகுது" என்றேன்.

"நிப்பாட்டக் கூடாது. அது ஓடினாத்தான் கியர் ஒயில் ஓடி ஆறும். சும்மா உறுமட்டும்" என்றார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாரத்தோட ஏறுறப்ப சின்னக் கியர்ல பிடிச்சு வச்சுப் போங்கன்னு பதுளை மெக்கானிக் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. பாட்டுல மறந்துட்டேன் மாதாவே!"

பெண் வீட்டிலிருந்து அழைப்புமேல் அழைப்பு. அடுப்பு எரிகிறது, ஏற்ற ஒன்றுமில்லை. நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அக்காவோ, "ஒரு வாய் வெத்தல போடு, அதுவும் சூடு ஆறணும், நீயும் ஆறணும்" என்றார்.

அப்போது கீழ்வளைவில் மாப்பிள்ளை வீட்டு பஸ் தெரிந்தது. நான் வெட்கத்தில் வண்டிக்குப் பின்னால் மறைந்தேன். அக்கா நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"என்னக்கா, பந்தி இங்கேயேவா?" என்று மாப்பிள்ளையின் தகப்பனார் எட்டிப் பார்த்தார்.

"பாரம் தாங்காம வண்டிக்குக் காய்ச்சல் வந்திருச்சு அண்ணே. சாமானையெல்லாம் உங்க பஸ்ஸில ஏத்துங்க. எல்லாரும் மடியில ஒண்ண வச்சுக்கங்க. காய் நறுக்கக் கத்தி நான் தாரேன்."

யாரும் மறுக்கவில்லை. அண்டாக்கள் பஸ்ஸின் நடுவழியில் ஏறின. நாதஸ்வரக்காரர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். பட்டுச்சேலைக்காரிகள் மடியில் துண்டு விரித்துப் போஞ்சிக்காய் நறுக்கத் தொடங்கினார்கள். நானும் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். அன்று அந்த பஸ்ஸில் கேட்ட சிரிப்பை எந்த மண்டபத்திலும் நான் கேட்டதில்லை. பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு வரவேற்க வந்தால், மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக, தோளில் பெரிய அகப்பையோடு இறங்குகிறார்! ஆரத்தி எடுத்தவள் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது.

சூடு ஆறியதும் அக்கா வெறும் டிரெய்லரோடு சின்னக் கியரில் மெதுவாக ஏறிவந்தார். சத்தமே இல்லையாம். வந்து சேர்ந்தபோது சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நறுக்கவேண்டியது எதுவும் மிச்சமில்லை. பந்தி நேரத்துக்கு நடந்தது. பிறகு மெக்கானிக் வடித்துக் காட்டிய கியர் ஒயில் கறுத்துப் போயிருந்தது. ஒயிலை மாற்றி, ஆறவைக்கத் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டரும் பூட்டித் தந்தார்.

"உங்களுக்கு வெட்கமா இல்லையாக்கா?" என்று அன்று திரும்பும்போது கேட்டேன். "கேட்டா ஒத்தாசை செய்ய எல்லாருக்கும் ஆசைதான் புள்ள. நாமதான் கேக்காம அவங்களைத் தள்ளி வச்சிடுறோம்" என்றார்.

அடக்கம் முடிந்து வந்த அன்று, இத்தனை பேருக்கு எப்படிச் சாப்பாடு போடுவது என்று ரெஜினா கலங்கி நின்றாள். யாரையும் வேலை வாங்கக் கூசுகிறவள் நான். அன்று வாசலுக்கு வந்து, "தேங்காய் துருவ ஆள் வேணும், எழும்பி வாங்க!" என்று உரக்கக் கூப்பிட்டேன். வாசலில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். அந்தக் குரலைத்தான் அக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்திருக்கிறேன்.